சீப்பு நத்தையான நாள்

போன வருஷம் மலேசியாவின் ஜொகூர் பாருவில் நடந்தது இது. நாங்கள் இருப்பது அங்கிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள பெக்கோக் என்ற சிற்றூர். என் ஆறு வயது மகள் யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டாள். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். முதலாம் ஆண்டில் சேர்க்கப் போனபோது, உளவியல் நிபுணரிடம் பரிசோதித்து ரிப்போர்ட் வாங்கி வரச் சொல்லிவிட்டார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து அப்பாய்ன்ட்மெண்ட் கிடைத்தது. லீவு போட்டு, விடியும் முன்னே கிளம்பி, வழியெல்லாம் அவள் வாந்தியெடுத்து, ஒருவழியாக மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கிருந்த நிபுணர் ஓர் இளம் மலாய்ப் பெண். படங்களைக் காட்டி மலாயில் கேட்டார். மகள் பாதிக்கு வாயே திறக்கவில்லை. தலை சீவும் சீப்பின் படம் வந்ததும் சட்டென்று "சீப்பு" என்றாள். அவர் முகம் சுருங்கியது. மலாயில் 'சீபுட்' என்றால் நத்தை; அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது.

தமிழில் அதற்குப் பெயரே சீப்புதான் என்று நான் குறுக்கே விழுந்து மலாயில் விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு படங்களையெல்லாம் பெட்டிக்குள் எடுத்து வைத்துவிட்டார்.

"மன்னிக்கணும்கா. இதுக்கு மேல நான் செய்யக் கூடாது. தமிழ் தெரிஞ்சவங்க ஒருத்தர் இருக்காங்க. அவங்ககிட்ட தேதி வாங்கித் தர்றேன். ரெண்டு மாசம் ஆகும்," என்றார் மலாயில்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. தேதி கொடுக்கும்போதே வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று ஒருத்தராவது கேட்டிருக்கக் கூடாதா?

"ஸ்கூல்ல கேக்கறாங்க லா. பார்த்த வரைக்கும் எழுதிக் கொடுங்க," என்று சண்டைக்கே போனேன்.

"எழுதலாம். மலாய்ல கேட்டதை வெச்சு எழுதினா அறிவு வளர்ச்சி குறைவுன்னுதான் வரும். ஆனா அது உங்க மகளைப் பத்தின ரிப்போர்ட்டா இருக்காது," என்றார்.

சிங்கப்பூரில் வேலையில் இருந்த கணவருக்குப் போன் போட்டால், "வெறுங்கையோடவா வர்றே?" என்று அவர் வேறு.

இரண்டு மாதம் கழித்து மறுபடி அதே அலைச்சல். இந்த முறை தமிழ்க்காரர். மகள் அவர் முகத்தைப் பார்க்காமலேயே ஒவ்வொரு படத்துக்கும் பதில் சொன்னாள். ஆட்டிசம் என்றார். அறிவு அவள் வயதுக்குச் சரியாகவே இருக்கிறது, பேச்சுப் பயிற்சிதான் வேண்டும் என்றார். இப்போது பள்ளிக்கும் போகிறாள், பயிற்சிக்கும் போகிறாள். மிக்சிக்கு மட்டும் இன்னும் அழுகைதான்.

அந்த அலைச்சலை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஆனால் நான் சண்டை போட்டுக் கேட்டதை அந்தப் பெண் அன்று எழுதிக் கொடுத்திருந்தால், அறிவு வளர்ச்சி குறைவு என்ற அந்தக் காகிதத்தை நானே என் கையால் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன்.