சித்தி துலக்கிய வெள்ளிக்காசுகள்

எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம், காதுகுத்து என்று வந்துவிட்டால் போதும், பந்தியில் யாராவது ஒருத்தர் ஆரம்பித்துவிடுவார். "கோச்சடைக்காரி காசு துலக்கின கதை தெரியும்ல?" வரிசையில் இருக்கிற ஆம்பளைகள் அத்தனை பேரும் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தடவை சாம்பார் வாளியை ணங்கென்று தரையில் வைத்துவிட்டு, "நீங்க பாத்தீகளா?" என்று கேட்டேவிட்டேன். நான் பார்த்தவள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காசுகள் கோச்சடையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த என் சித்தியுடையவை. கதை சொல்கிறவர்கள் இதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள். சித்தியின் அப்பா பரவை மார்க்கெட்டில் வெங்காயம் விற்றவர். ஏதாவது விசேஷத்துக்கென்று சர்க்கார் வெள்ளியில் பத்து ரூபாய்க் காசு வெளியிட்டால், பேங்கில் போய் நின்று வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். கொடி பிடித்த ஆணும் பெண்ணும் நிற்கிற சுதந்திர வெள்ளி விழாக் காசு, கோதுமைக் கதிர் போட்ட காசு என்று ஒரு பிஸ்கட் டப்பா நிறைய மகளுக்காகச் சேர்த்திருந்தார். கல்யாணச் சீரில் அண்டா, குடத்தோடு அந்த டப்பாவும் எங்கள் வீட்டுக்கு வந்தது. மறு வருஷமே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

டப்பா சித்தப்பா கைக்குப் போனது. என் அப்பாவின் தம்பியான அவருக்கு ஆபீஸ் விட்டு வந்தால் காசுப் பைத்தியம்தான். பூதக்கண்ணாடி வாங்கினார். ஒவ்வொரு காசையும் எண்ணெய்த்தாளில் மடித்து ரகம் பிரித்தார். விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக் கூடாது. மேடான இடம்தான் முதலில் தேயும், ஆகவே அந்தக் கொடியின் மடிப்பையும் கதிரின் மணியையும் பார்க்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் அச்சடித்த அன்றைய மினுக்கம் சுற்றி வர வேண்டும். வந்தால் முதல் ரகம். கறுத்திருந்தாலும் பரவாயில்லை, துடைத்தால் மட்டும் செத்தது. இதெல்லாம் எனக்கு அத்துப்படி. நாலாம் வகுப்பில் வாய்ப்பாடு வராது, ஆனால் காசைக் கொடுத்தால் ரகம் சொல்வேன். வீட்டில் எனக்கு இருந்த ஒரே பெருமை அதுதான், அதை நான் லேசில் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அப்போதுதான் சித்தப்பாவுக்கு ஒத்தக்கடைப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் பங்கு சேரும் ஆசை வந்தது. டப்பாவோடு காசுகளை வாங்கிக்கொள்ள மெட்ராஸிலிருந்து ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. சித்தி ஒரே ஒரு தடவை சொன்னாள், "எங்கப்பா நெனப்பா இருக்கது அது ஒண்ணுதாங்க. விக்க வேணாம்."

"பொம்பளைக்கு என்னடி தெரியும்?" என்றார் சித்தப்பா. நான் சித்தப்பா கட்சி. தினமும் ஓசியில் படம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார், வேறென்ன வேண்டும் எனக்கு?

சனிக்கிழமை சித்தப்பா ஆபீஸ் போனதும், சித்தி டப்பாவைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறத் துவைகல்லுக்கு வந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணம் புளி, தேங்காய் நார், இடித்த செங்கல் பொடி.

"அய்யய்யோ சித்தி! தேய்க்காத! அம்புட்டும் போயிரும்!"

"நாளைக்குப் பெரிய மனுசன் வாராரு. கன்னங்கரேர்னா எடுத்து நீட்டுறது? மானம் போகும்ல."

கையைப் பிடித்து இழுத்தேன். கத்தினேன். அவள் அசையவில்லை. சரி, இந்த மக்குச் சித்தியிடமிருந்து நல்லதையாவது காப்பாற்றுவோம் என்று அவசர அவசரமாக முதல் ரகத்தை மட்டும் பொறுக்கி என் பாவாடையில் போட்டுக்கொண்டேன். "இதையாச்சும் விட்டுரு சித்தி. இதான் இருக்கதுலயே ஒசத்தி."

"இதானா? நல்லாத் தெரியுமா?"

"எனக்கா தெரியாது?" என்றேன் ரோஷமாக.

சித்தி என் மடியிலிருந்து அவற்றை அள்ளினாள். அதையே முதலில் தேய்த்தாள். மற்றதைவிட அழுத்தித் தேய்த்தாள். கொடி பிடித்த பெண்ணின் முகம் என் கண்முன்னாலேயே கீறிக்கொண்டு போனது. அந்த நேரம் குடத்தோடு வந்த அம்மாவிடம், "பாரும்மா இவ செய்யுறத!" என்று முறையிட்டேன். அம்மா காசைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள். உள்ளே போனவள், இன்னும் ஒரு கை செங்கல் பொடி கொண்டுவந்து கல்லில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வந்த மெட்ராஸ்காரர் ஒரு காசை எடுத்தார், வெளிச்சத்தில் சாய்த்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார், வைத்தார். "யார் சார் துலக்கினது?" என்று மட்டும் கேட்டார். இனி எடைக்குத்தான் போகும் என்று சொல்லிவிட்டு, காபியைக் குடித்துக் கிளம்பிவிட்டார். எடைக்குப் போட்டால் டாக்கீஸில் ஒரு பெஞ்சு வாங்கக் காணாது.

சித்தப்பா ஆடிய ஆட்டத்தில் தெருவே கூடிவிட்டது. டப்பாவைத் தூக்கி முற்றத்தில் எறிந்தார். "ஒங்கப்பன் காசை நீயே கட்டிக்கிட்டு அழு! இனி என் கண்ணுல காட்டாத!"

சித்தி அழவில்லை. ஓடி உருண்ட காசுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டு, இறுக்கி முடிந்தாள். "பொம்பளைக்கு என்னங்க தெரியும்?" என்றாள். அத்தனை பேர் முன்னால், தலை குனியாமல் சொன்னாள். சுரணை கெட்டவள் என்று நினைத்தேன். நாள்கணக்கில் அவளோடு பேசவே இல்லை. அவளோ காசு முடிச்சைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த வருஷம் கார்த்திகைக்கு, அம்மாவின் வெள்ளிக் காமாட்சி விளக்கை முதன்முதலாக என்னிடம் துலக்கக் கொடுத்தார்கள். நான் நேரே போய்ச் செங்கல் பொடியை அள்ளினேன். அம்மா பாய்ந்து வந்து கையில் ஒன்று வைத்தாள்.

"வெள்ளிக்கு எவளாச்சும் செங்கப்பொடி போடுவாளாடி? கீறிப்புடும். திருநீறு போட்டுத்தான் துடைக்கணும். ஊர்ல பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"சித்தி போட்டாள்ல? நீதான அள்ளிக் குடுத்த?"

அம்மா திருநீற்றுத் தட்டை என் பக்கம் தள்ளினாள். அடுப்படியில் சித்தி களுக்கென்று சிரிப்பது கேட்டது. பாவம், காசெல்லாம் கெட்டுப்போன பிறகுதான் சித்திக்கும் அம்மாவுக்கும் விவரம் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் திருநீற்றை எடுத்தேன்.