வகிடு எந்தப் பக்கம்?

பக்கவாதம் வந்த அப்பாவின் மூளை அலைகளைப் பதிவு செய்ய, பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஒரு டெக்னீஷியன் பெண்மணி வந்தார். பெரிய மூக்குத்தி. ரிப்போர்ட் பற்றி எது கேட்டாலும் "டாக்டர் சொல்வாரு" என்பார். அப்பாவின் தலையெங்கும் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்.

"அடைப்பு எடுத்தாச்சு, ரத்தம் நல்லா ஓடுதுன்னாங்க. அப்புறம் ஏன் மேடம் கண்ணே திறக்கல?"

"காவேரி தண்ணி கீழ் தொட்டிக்கு வந்துட்டா போதுமா? மாடி டேங்க்குக்கு ஏற, கரண்ட் வந்து மோட்டார் ஓடணும்ல? ஸ்வல்ப பொறுங்க. வீட்ல கூப்பிடற மாதிரி அப்பாவக் கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். திரையில் சோம்பலாக ஊர்ந்த கோடுகள் சட்டென்று சிலிர்த்தன.

"நல்லதுதானே மேடம்?"

"டாக்டர் சொல்வாரு."

ஆனால் வெந்நீரில் பசையைத் துடைத்ததும் சீப்பை எடுத்தார்.

"அப்பாக்கு வகிடு எந்தப் பக்கம்? எழுந்து கண்ணாடி பாத்துட்டு என்னைத் திட்டக் கூடாதில்ல."