பாபுவின் எடை

சசிகலாவுக்கு வேலை மெடிக்கல் கோடிங். அமெரிக்க டாக்டர்கள் எழுதிய குறிப்புகளைக் குன்றத்தூர் வீட்டில் உட்கார்ந்து படித்து, ஒவ்வொரு நோய்க்கும் அதற்குரிய எண்ணைப் போட வேண்டும். டாக்டர் எழுதாததைக் கோடர் தானாக ஊகித்துப் போடக் கூடாது. இந்த விதிக்குப் பயந்து பயந்தே டீம் லீடர் வரைக்கும் வந்துவிட்டாள்.

காரணம் தெரியாமல் எடை குறைந்தால் ஆர் 63.4. அந்த எண்ணை எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறாள். அதே ஆளின் அடுத்தடுத்த குறிப்புகளில் என்ன எண் வரும் என்பதும் தெரியும். சிலருக்குத் தைராய்டு, சர்க்கரை. சிலருக்கு, அவள் வாயால் சொல்லப் பிடிக்காதது. அதனால்தான் புருஷன் பாபுவின் பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டிருப்பதைப் பார்த்ததும் அந்த எண்தான் முதலில் ஞாபகம் வந்தது. ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

பாபு ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் காண்ட்ராக்ட். அங்கே வருஷா வருஷம் மெடிக்கல் உண்டு. உடம்பில் குறை தெரிந்தால் காண்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று லைனில் எல்லாருக்கும் கிலி. ஆகவே மெலிந்தவர்கள் சேஃப்டி ஷூவைக் கழற்றாமல், பேன்ட் பாக்கெட்டில் நட்டுகளை நிரப்பிக்கொண்டு எடை மெஷினில் ஏறுவார்கள். நர்ஸும் கண்டுகொள்ள மாட்டாள். பாபுவின் பேன்ட்டிலும் அப்படி நட்டுகள் இருந்து வாஷிங் மெஷினில் கடகடத்தபோது சசிகலா சிரிக்கத்தான் செய்தாள். பெல்ட்டை அப்போது அவள் பார்த்திருக்கவில்லை.

இப்போது மல்லுக்கட்டி அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தாள். டாக்டர் கம்பெனி ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"போன வருஷ எடைதானே இப்பவும் இருக்கு? எதுக்கும்மா பயப்படுறீங்க?"

"நானும் அதத்தான் சார் சொல்றேன். இவதான் பேஜாரு பண்ணிக்கினு கீறா," என்ற பாபு, மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தான்.

வாயைத் திறந்தால் அவன் வேலை போகலாம். திறக்காவிட்டால் டாக்டர் 'எடையில் மாற்றமில்லை' என்று எழுதிவிடுவார். அப்புறம் ஒரு பரிசோதனையும் கிடையாது. வேலையில் இப்படிப் பிசிறில்லாத குறிப்புகளை எத்தனை முறை சந்தேகமே படாமல் முடித்துத் தள்ளிவிட்டிருக்கிறாள்! மிதிபட்ட காலை இழுத்துக்கொண்டாள்.

"சார், அந்த எடை பொய். பாக்கெட்ல நட்டு போட்டுக்கினு ஏறுனாரு. டயட்டு கியட்டு ஒண்ணும் கெடையாது, நல்லாத்தான் சாப்புடுறாரு. ஆனா கரைஞ்சிக்கினே போறாரு. அத எழுதுங்க சார்."

டாக்டர் பாபுவைப் பார்த்தார். "ஷூவ கழட்டுங்க. பாக்கெட்ல இருக்கிறதெல்லாம் எடுத்து வைங்க."

பாபு மெஷினில் ஏறினான். டாக்டர் முள்ளைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் உடனே எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் பாபு சீட்டை எட்டிப் பார்த்தான். "மேல இன்னா எழுதிக்கீறாரு?"

"எடை கொறஞ்சிருக்கு, காரணம் தெரியலன்னு."

"காரணமே இல்லன்னா அப்போ ஒண்ணுமில்லன்னுதானே அர்த்தம்?" அவன் முகம் தெளிந்துவிட்டது. "இதுக்கா இவ்ளோ பயந்த நீ?"

"ஆமா," என்று சொல்லிவிட்டு, ஸ்கேன் எடுக்கிற இடம் எந்தப் பக்கம் என்று செக்யூரிட்டியிடம் கேட்டாள் சசிகலா.