பிரேக் தேடும் கால்

யாருடைய வண்டியில் ஏறினாலும் மாஸ்டரின் கால் தரையில் பிரேக்கைத் தேடும். மச்சானுடைய காரில் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பார். எதிரே ஒரு சைக்கிள் லேசாக வளைந்தால் போதும், காலடியில் கிடக்கும் மிதியடி நசுங்கும். பஸ்ஸில் கடைசி சீட்டு கிடைத்தாலும் அந்தக் கால் சும்மா இருக்காது. “என்ன, பஸ்ஸை நீங்கதான் நிறுத்துனீங்களா?” என்று மனைவி கேட்பார். “நான் மிதிச்சேன், அவரும் மிதிச்சாரு. யாரால நின்னுச்சுன்னு யாருக்குத் தெரியும்?” என்பார் மாஸ்டர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுத்தருகிறார். பழகுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். பக்கத்து சீட்டில் இவர். இவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஒருவிதத்தில் பார்த்தால் அவர் வண்டி ஓட்டுவதே இல்லை. ஓட்டுகிறவர்களை நிறுத்துவதுதான் அவர் வேலை.

கை சைகையில் அவருக்கு ஒரு பிடிவாதம். இந்தக் காலத்தில் யார் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுகிறார்கள்? ஆனால் அவரிடம் பழகுகிற யாரும் அதிலிருந்து தப்ப முடியாது. “இண்டிகேட்டர் புட்டுக்கிச்சுன்னா என்ன பண்ணுவ? இறங்கிப் போய் பின்னாடி வர்றவன்கிட்ட சொல்லிட்டு வருவியா?” நிற்கப் போகிறேன், திரும்பப் போகிறேன், நீ என்னை முந்திப் போ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கை. முந்திப் போகச் சொல்லும் சைகையை அவர் செய்வதைப் பார்க்க வேண்டும். கை முழுசாக நீளும். பின்னாலிருந்து முன்னால் நிதானமாக வீசும். விருந்தாளியை வீட்டுக்குள் வரச் சொல்வது போலிருக்கும்.

இப்படி நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை பார்த்தவருக்கு ரத்த அழுத்தம் ஏறியது. டாக்டர் ஓடச் சொன்னார். கல்லூரியில் படிக்கும் மகள், புதிதாக ஓடுகிறவர்களுக்கான பயிற்சி ஒன்றை அவர் போனில் போட்டுக் கொடுத்தாள். அதில் ஒரு பெண் குரல். ஓடு என்று சொல்லும், கொஞ்ச நேரத்தில் நட என்று சொல்லும். வாரம் போகப் போக ஓட்டம் நீளும், நடை குறையும். மாஸ்டர் அந்தக் குரலை ஒருநாளும் மீறியதில்லை. “நான் கத்தினா காதுல விழாது. அந்தப் பொண்ணு மெதுவா சொன்னாலும் கால் தானா நிக்குது” என்று மனைவி அங்கலாய்த்தார். அங்கலாய்ப்புக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. மாஸ்டரின் பழைய பேன்ட்டுகளை அவர்தான் இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் நிற்காமல் ஓடிய அன்று பயிற்சி முடிந்தது. குரல் வாழ்த்துச் சொல்லிவிட்டு ஓய்ந்தது. மறுநாள் விடியலில் மாஸ்டர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு போனைத் திறந்தார். முதல் வாரத்திலிருந்து தொடங்கலாமா என்று கேட்டது. சரி என்று அழுத்தினார்.

ஒரு மாதமாகியும் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கோச்சிங்குக்குச் சீக்கிரம் கிளம்பிய மகள்தான் ஒருநாள் தெருமுனையில் பார்த்தாள். அப்பா கொஞ்ச தூரம் ஓடுகிறார், சட்டென்று நடக்கிறார், பிறகு ஓடுகிறார்.

“அப்பா, காலுக்கு என்னாச்சு?”

“ஒண்ணுமில்லையே. அந்தப் பொண்ணு நடக்கச் சொல்லுது.”

“ஐயோ அப்பா! பாஸ் பண்ணிட்டு மறுபடி ஒண்ணாங்கிளாஸ்ல போய் உக்காந்திருக்கீங்களே! அது முடிஞ்சு போச்சு. இனிமே நீங்களாதான் ஓடணும்.”

“நானான்னா? எப்ப நிக்கணும்னு யார் சொல்லுவா?”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அது வேடிக்கைக்குக் கேட்ட கேள்வி இல்லை. சொன்னபடி செய்தே பழகிய கால்கள். சொல்ல ஆள் இல்லையென்றால் அவை யார் பேச்சைக் கேட்கும்?

ரோஷம் வந்து, அடுத்த வாரம் முழுக்கத் தினமும் தலைதெறிக்க ஓடினார். வாரக் கடைசியில் முழங்காலுக்குக் கீழே எலும்போடு ஒரு வலி பிடித்துக்கொண்டது. படியிறங்கும்போது உயிர் போனது. மனைவி ஷூவைத் தையல் மெஷின் பெட்டிக்குள் ஒளித்து வைத்தார். “நேத்து லைசென்ஸ் வாங்கினவன் மாதிரியே பறந்தீங்கல்ல? நீங்கதானே திட்டுவீங்க அவங்களை?” மாஸ்டருக்கு அது சுருக்கென்று தைத்தது. உண்மைதான். முதல் கியரில் உருட்டத் தெரியாதவனுக்கு அவர் மூன்றாவது கியரைக் காட்டியதே கிடையாது.

வலி போன பிறகு ஷூ வெளியே வந்தது. இந்த முறை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டும். வேகத்தைக் கட்டுப்படுத்த அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஓடிக்கொண்டே வகுப்பு எடுப்பார். “முதல்ல சீட்டை சரி பண்ணணும். அப்புறம் கண்ணாடி. கிளட்ச்சை முழுசா மிதிக்கணும், கியர் நியூட்ரல்ல இருக்கான்னு பாக்கணும்…” வாக்கியம் பாதியில் மூச்சு வாங்கி அறுந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம், குறைத்துக்கொள்வார். நாயோடு நடக்கும் ஒருவர் முதலில் இவர் போனில் பேசுகிறார் என்று நினைத்தார். பிறகு வேறு மாதிரி நினைத்து, நாயை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போக ஆரம்பித்தார்.

எல்லாம் சரிதான். ஆனால் அரை மணி நேரம் ஆனதும் கால்கள் நின்றுவிடும். அவர் ஓடும் பாதையில் ஏரிக்கரைக்கு முன்னால் ஒரு பம்ப் ஹவுஸ் இருக்கிறது. அதன் பச்சைக் கதவு வந்ததும் பிரேக் விழும். மூச்சு இருக்கும், தெம்பும் இருக்கும், கால் மட்டும் வராது. கதவுக்கு அந்தப் பக்கம் கரை நெடுகச் சாலை நீண்டு கிடக்கும். அந்தக் கோடி வரை ஓடிப் போய், அங்கே நின்று தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. டாக்டர் சொல்லாத, மகள் சொல்லாத, யாருமே சொல்லாத ஆசை. அவருக்கே அது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இந்தக் கதையை அவர் சொன்ன ஒரே ஆள், அவரிடம் வண்டி பழகிய லேப் மேடம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை; முன்பின் தெரியாதவர்களின் நரம்பில் கண்ணிமைக்காமல் ஊசி போடுகிறவர். லைசென்ஸ் வாங்கியாயிற்று, சொந்தக் காரும் வாங்கியாயிற்று. ஆனால் தனியாக ஓட்டமாட்டார். மாஸ்டர் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்தக் காரில் மாஸ்டர் பக்கம் பிரேக்கே இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

“நான் இங்க எதுக்கு மேடம்? வெறும் மிதியடியை மிதிச்சுக்கிட்டு வர்றேன்.”

“சும்மா உக்காந்திருங்க மாஸ்டர். அதுவே எனக்குத் தைரியம்.”

“நாளையிலேர்ந்து வரமாட்டேன். நீங்க நல்லாவே ஓட்டுறீங்க.”

“நீங்க கூடத்தான் நல்லா ஓடுறீங்க. பச்சைக் கதவைத் தாண்டிட்டீங்களா?”

மாஸ்டரின் கால் மிதியடியை ஒருமுறை மிதித்தது. சிக்னலில் வண்டியை அலுங்காமல் நிறுத்திவிட்டு மேடம் சொன்னார்: “ஞாயித்துக்கிழமை காலையில ஏரிக்கரைக் கோடிக்கு நான் தனியா வர்றேன். நீங்க ஓடி வாங்க. யார் வரலையோ அவங்க காபி வாங்கித் தரணும்.”

“வராதவங்க எப்படிங்க வந்து வாங்கித் தருவாங்க?”

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். கதவைத் தாண்டுங்க முதல்ல.”

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார். “தண்ணி குடிச்சீங்களா?” என்று மட்டும் மனைவி கேட்டார். சீட்டு, கண்ணாடி, கிளட்ச் என்று பாடம் தொடங்கியது. நாய்க்காரர் வழக்கம்போல் எதிர்ப்பக்கம் போனார். பாலம் வந்தது, பள்ளிக்கூடத்துச் சுவர் வந்தது. தூரத்தில் பச்சை தெரிந்ததுமே கால் கனத்தது. நிற்கத்தான் போகிறது என்று தோன்றியது.

அவர் பேச்சை நிறுத்தவில்லை. ரிவர்ஸ் எடுக்கும் பாடத்தில் இருந்தவர், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். “முதல்ல சீட்டை சரி பண்ணணும்…” ‘கண்ணாடி’யில் மூச்சு அறுந்தது. வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். நடக்கிறவர்கூட முந்திவிடுவார் போலிருந்தது. ஆனால் அது ஓட்டம்தான். பச்சைக் கதவு பக்கத்தில் வந்தது, தோளை உரசுவதுபோல் நகர்ந்தது, பின்னால் போனது. திரும்பிப் பார்க்க ஆசைதான். ஓடும்போது திரும்பக் கூடாது என்று தனக்கே அதட்டல் போட்டுக்கொண்டார்.

கரைச் சாலை குறுகலானது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவு. கொஞ்ச தூரம் போனதும் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு வரும் கார். எந்தக் கார், யார் கை என்று அவருக்குத் திரும்பாமலே தெரிந்தது. வண்டி பக்கத்தில் வரவில்லை, ஹார்னும் அடிக்கவில்லை. அவர் வேகத்துக்கே ஊர்ந்துகொண்டு பின்னால் வந்தது. முந்த மேடத்துக்குப் பயம். அவர் நின்றால் கார்க் கதவு திறக்கும். ஏறி உட்கார்ந்தால் அவருக்கும் நிம்மதி, பாவம், அந்த மேடத்துக்கும் நிம்மதி. காலுக்கு அது எப்படியோ தெரிந்து, மறுபடி பிரேக்கைத் தேடியது.

மாஸ்டர் சாலையின் ஓரத்துக்கு ஒதுங்கினார். நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. சாலைப் பக்கத்துக் கையை முழுசாக நீட்டி, பின்னாலிருந்து முன்னால் நிதானமாக வீசினார். ஒருமுறை, பிறகு இன்னொருமுறை.