விபூதி மணத்த ஸ்பானர்

எங்கள் வீட்டு ஸ்பானரில் கிரீஸ் நாற்றம் இருக்காது, விபூதி வாசனைதான் அடிக்கும். வெள்ளிக் கிண்ணத்தைத் துலக்குவதுபோல் அப்பா அதை விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்திருப்பார். இந்த வயதிலும் விபூதிச் சம்புடத்தைத் திறந்தால் எனக்குப் பக்தி வருவதில்லை, அந்த ஸ்பானர் ஞாபகம்தான் வருகிறது.

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் மோட்டார் வைத்திருந்தவர் வக்கீலான அப்பா ஒருவர்தான். டிரைவர் கிடையாது, ரிப்பேரெல்லாம் வாசலிலேயே. அதற்காக ஸ்பானர் வாங்கச் "சாலைக் கம்போள"க் கடைத்தெருவுக்குப் போனபோது அக்காவும் நானும் கூடப் போனோம். உபரியாகக் கிடந்த சக்கர நட்டு ஒன்றை அக்கா புடவைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்திருந்தாள்.

கடைக்காரர் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக ஒன்றும், நிக்கல் பூசி மின்னும் ஒன்றும் எடுத்து வைத்தார். "சாமி, கறுத்ததாக்கும் நல்ல உருக்கு. மத்தது வெறும் வார்ப்பு, வாய் விரிஞ்சிரும்" என்றார். அப்பா என்னவோ குடம் வாங்க வந்தவர்போல் இரண்டையும் விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முடிச்சை அவிழ்த்து நட்டைக் கறுப்பு ஸ்பானரில் மாட்டினாள், துளி ஆடவில்லை. மின்னியதில் லொடலொடத்தது.

"அப்பா, கறுப்புதான் கச்சிதமா இருக்கு."

"நாலு பேர் பாக்கற எடத்துல பொண்கொழந்தை நட்டு திருகறதாவது! இந்தக் கரிக்கட்டையை ஆத்துல எங்க வெக்கறது?"

மின்னியதுதான் வீட்டுக்கு வந்தது.

பி.ஏ. முடித்திருந்த அக்காவுக்கு, நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர் வேலைக்கு "இன்டர்வியூ" வந்தது. வேலை கிடைக்காவிட்டால் தை மாசம் நாகர்கோவிலில் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுப்பதென்று அப்பா பேசி வைத்திருந்தார். இன்டர்வியூ அன்று மோட்டாரில் போகையில் பாலராமபுரம் தாண்டியதும் டயர் போயிற்று. அப்பா ஸ்பானரை மாட்டி ஏறி மிதித்தார். அதன் வாய் விரிந்து, நட்டின் முனைகள் மழுங்கி உருண்டுவிட்டன. வழியில் வந்த பஸ் டிரைவர் இறங்கித் தம் கறுப்பு ஸ்பானரைப் போட்டுப் பார்த்தார். பிடிப்பதற்கு நட்டில் முனையே மிச்சமில்லை.

"மோளு பஸ்ஸில் கேறட்டே, ஞான் எறக்கி விடாம்" என்றார் அவர். அக்கா படியில் ஒரு கால் வைத்துவிட்டாள்.

"எறங்குடீ! வக்கீலாத்துப் பொண்ணு பஸ்ஸுல இடிபட்டுண்டு போறதா?"

அக்கா இறங்கினாள். பஸ் போய்விட்டது, வேலையும் போயிற்று.

அந்த வருஷத்துச் சரஸ்வதி பூஜைக்கு, விரிந்த வாயோடு அந்த ஸ்பானரும் அக்காவின் புஸ்தகங்களுக்குப் பக்கத்தில் பூஜையில் ஏறியது. அதற்குச் சந்தனமும் குங்குமமும் இடச் சொன்னதும் அக்காவைத்தான். சிச்சீ! விஜயதசமியன்று அப்பா ஸ்பானரை எடுத்துக்கொண்டார். அக்கா புஸ்தகங்களை எடுக்கவில்லை. தையில் நாகர்கோவிலுக்குப் போனாள்.

இப்போது அந்தக் கடை இல்லை, மோட்டார் பழைய இரும்புக்குப் போயிற்று, அப்பாவும் இல்லை, அக்காவும் இல்லை. போன மாதம் அக்காவின் பேத்தி தன் காருக்கு ஸ்பானர் வாங்கியிருக்கிறாள். கடையிலேயே நட்டை மாட்டித் திருகிப் பார்த்துத்தான் எடுத்தாளாம். "யாரும் ஒண்ணும் சொல்லலையாடீ?" என்று கேட்டேன். "என்ன சொல்லணும் பாட்டி?" என்றாள்.