ஒளிந்த நாயைக் கையால் இழுக்காதீர்கள்

போன இலையுதிர் காலத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் நானும் என் மகள் தாரணியும் நாய்ப் பயிற்சி வகுப்புக்குப் போனோம். எங்களிடம் நாய் கிடையாது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நாங்கள் வாழும் சிற்றூரில், தேவாலயத்தை ஒட்டிய ஒரு கூடத்தில் அந்த வகுப்பு நடக்கும். முதல் நாள் வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர் என்ற இடத்தில் தாரணி என்று எழுதினேன். வயது, பதினொன்று. தடுப்பூசிகள் எல்லாம் போட்டாகிவிட்டதா என்று கேட்டிருந்தது, ஆம் என்று குறித்தேன். அடுத்த கேள்வி, கருத்தடை செய்தாகிவிட்டதா என்றிருந்தது. அப்போதுதான் அது நாய்க்கான படிவம் என்று விளங்கியது. இந்த நாட்டு மருத்துவமனையில் பத்து வருடமாக நர்ஸ் வேலை பார்ப்பவள் நான். பயிற்சி கொடுக்கும் ஹெலன் என்ற பெண்மணி படிவத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தாரணியும் சிரித்தாள். நாய்கள் இருந்த ஓர் அறையில் என் மகள் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நாயைக் கண்டால் அவளுக்கு உயிர் போகும். அந்தப் பயத்தைக் கொடுத்தது நான்தான். அவளுக்கு ஐந்து வயதான காலத்திலிருந்தே, எதிரே நாய் வந்தால் சாலையைக் கடந்து மறுபக்கம் போய்விடுவேன். அப்போதெல்லாம் அவள் கையை நான் எவ்வளவு இறுக்கிப் பிடிப்பேன் என்பது அவளுக்குத்தான் தெரியும். நான் எதுவும் சொன்னதில்லை. கை சொல்லியிருக்கிறது. போன வருடம் பள்ளி விட்டு வரும்போது ஒரு நாய்க்குட்டி துள்ளிக்கொண்டு வந்தது. என் கையை உதறிவிட்டு நடுச்சாலைக்கு ஓடினாள். ஒரு காரின் பக்கக் கண்ணாடி அவள் புத்தகப் பையைத் தட்டிவிட்டுப் போனது. ஓர் அடி உள்ளே போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அவளுடைய ஆசிரியைதான் ஹெலனின் வகுப்பைச் சொன்னார். நாய் வைத்திருப்பவர்களோடு, நாய்க்குப் பயப்படுகிறவர்களையும் ஹெலன் சேர்த்துக்கொள்வார்.

முதல் இரண்டு வாரம் நாற்காலி வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தோம். மூன்றாம் வாரம், நாய் அருகில் வந்தால் ஓடாமல் கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நிற்கக் கற்றுக்கொடுத்தார். ஐந்தாம் வாரம் பிஸ்கட் என்ற கிழட்டு லேப்ரடார் தாரணியின் உள்ளங்கையிலிருந்து ஒரு துண்டு சீஸை நாக்கால் எடுத்துக்கொண்டது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கை தட்டினேன்.

ஆறாம் வாரம் அக்டோபர் கடைசி. தீபாவளிக்கு முன்னும் பின்னுமாக இங்கே, நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்த ஒரு பழைய சதியின் நினைவாக ஊரெங்கும் வாணவேடிக்கை விடுவார்கள். பருவத்துக்குப் பருவம் ஹெலன் ஓர் அறிவுரைத் தாள் கொடுப்பார். கோடையில், புறங்கையைச் சாலையில் வைத்துச் சூடு பார்த்த பிறகே நாயை நடக்க விடுங்கள் என்றிருக்கும். குளிர்காலத்தில், பனிக்கு உப்புத் தூவிய தெருவில் நடந்து வந்தால் பாதங்களைக் கழுவிவிடச் சொல்லும். அன்றைய தாள் பட்டாசைப் பற்றியது. இருட்டுவதற்குள் நடைக்குக் கூட்டிப் போய்விடுங்கள், திரைச்சீலையை இழுத்து மூடுங்கள், தொலைக்காட்சியைச் சத்தமாக வையுங்கள். ஹெலன் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார். “பயந்த நாய் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டால் அங்கேயே இருக்க விடுங்கள். ஒளிந்த நாயைக் கையால் இழுக்காதீர்கள். உங்களை நேசிக்கும் நாய்கூடக் கடித்துவிடும்.”

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். கார்கள் நிறுத்தும் இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹெலன் பின்னாலேயே வந்து தோளில் கை வைத்து, இங்கே எந்த நாயும் உங்களைக் கடிக்காது என்றார். எனக்கு ஆங்கிலம் வரவில்லை. என் தம்பி, என் தம்பி என்று மட்டும் சொன்னேன். ஹெலனின் முகம் மலர்ந்தது. “அவருக்கும் பயமா? அடுத்த வாரம் அவரையும் கூட்டி வாருங்களேன்” என்றார். அவன் ரொம்பத் தூரத்தில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

என் தம்பி ஏழுமலை கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஊரிலிருந்து திருவண்ணாமலைக்குச் சவாரி. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் அவனைக் கையில் பிடிக்க முடியாது. வேன் நிற்கும் இடத்தில் ஒரு செவலை நாய் இருந்தது. தினமும் அவன் கொடுக்கும் பன்னைத் தின்றுவிட்டு வேனுக்கடியில் படுத்திருக்கும். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு தீபாவளியன்று, வார்டில் தேநீர் இடைவேளையின்போது வீட்டுக்கு வீடியோவில் பேசினேன். தெருவில் சரவெடி. அந்தச் செவலை நாய் எங்கள் வீட்டுக்குள் ஓடி வந்து, அம்மா படுத்திருந்த கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது. அம்மா கால் வலியோடு எழுந்து உட்கார்ந்து கத்தினாள். ஏழுமலை போனைப் பிடித்தபடி குனிந்து, வா வா என்று கொஞ்சிக்கொண்டிருந்தான். எனக்கு இடைவேளை முடியப்போகிறது, அம்மாவோடு இன்னும் இரண்டு வார்த்தை பேசவில்லை என்ற எரிச்சல்.

“டேய், இன்னாடா பாத்துனு நிக்கிற? கைய வுட்டு இஸ்துப் போடு வெளிய” என்றேன்.

அவன் கையை விட்டான். திரை ஆடியது. பிறகு அவன் முகம் தெரிந்தது, சிரித்துக்கொண்டுதான் இருந்தது. “ஒண்ணும் இல்லக்கா. லேசா பல்லு பட்டுச்சி. நம்ப நாய்தானே.”

அன்று மாலையே ஊசி போட வைத்தேன். மீதி ஊசிக்கான தேதிகளை வாட்ஸப்பில் எழுதி அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் பதிலாக வந்தது. மூன்றாம் நாள் கேட்டேன், “போட்டாச்சிக்கா” என்றான். ஏழாம் நாள் கேட்டேன், அதே பதில். அந்த நாய் எங்கே என்று கேட்டதற்கு, “வெடிக்குப் பயந்து ஓடினதுதான், எங்க போச்சினே தெரியல” என்றான். கடித்த நாயைக் காணவில்லை என்று ஒருவன் சொன்னால், அதற்கு வெறிநோய் இருந்திருக்கலாம் என்று நர்ஸுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. ஆனால் இங்கே குளிர்காலம் தொடங்கி வார்டில் படுக்கை இல்லாமல் நடைபாதையில் நோயாளிகள் கிடந்தார்கள். அவன் சொன்னதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. தீபம் முடிந்து மார்கழி பிறந்த பிறகு ஒரு காலையில் அவன் மனைவி செல்வி அழைத்தாள்.

“அண்ணி, ரெண்டு நாளா டீ எறங்கமாட்டேங்குது அவருக்கு. தண்ணி கிளாஸ பாத்தாலே தள்ளி வுட்டுடறாரு. காத்து பட்டா அலறாரு.”

வார்டில் துணி அடுக்கும் அறையின் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்ன செய்யலாம் அண்ணி, எங்கே கூட்டிப் போகலாம் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்த நிலைக்கு வந்த பிறகு போவதற்கு ஓர் இடமும் இல்லை என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை. திருவண்ணாமலைக்குக் கூட்டிப் போ என்று மட்டும் சொன்னேன். நான் போய்ச் சேர்வதற்கு முந்தைய நாள் அவன் செத்துப்போனான். உடலை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. நான் போனபோது ஈரத் துணிகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. செல்வி அவனுடைய ஊசி அட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். முதல் கட்டத்தில் மட்டும் தேதி இருந்தது. அம்மாவும் அடுத்த வருடமே போய்விட்டாள். மாமாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்ட தாரணியிடம், காய்ச்சல் என்றேன். அவளுக்கு அப்போது ஐந்து வயது. வளர்ந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் வளர்ந்தாள்.

வகுப்பிலிருந்து திரும்பிய அன்றுகூட, “அம்மா, ஏன் வெளிய போய்ட்ட?” என்று கேட்டாள். வேலை அசதி என்றேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். குளிர்காலம் முடிவதற்குள் அவள் பூங்காவில் யார் நாயையும் அனுமதி கேட்டுத் தடவிக் கொடுக்கிறவளாக மாறிவிட்டாள். இந்த நாட்டு நாய்களுக்கு அந்த நோய் கிடையாது. அதனால் ஹெலனின் எந்தப் பருவத்துத் தாளிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. சொல்ல வேண்டியவள் நான் ஒருத்திதான்.

இந்த ஆகஸ்டில் அவளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். செல்வி இப்போது திருவண்ணாமலையில் செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் செய்கிறாள். பின்னாலேயே ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். நாங்களும் அதே விடுதியில் தங்கினோம். வெளிநாட்டுக்காரர்கள் பிஸ்கட் போட்டுப் போட்டு விடுதி இருக்கும் சந்தில் நாய்க்கூட்டம் ஜாஸ்தி. இரண்டாம் நாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, சோற்றுப் பாத்திரத்தோடு வந்த செல்வி நின்றுவிட்டாள்.

“பாப்பா, வெரல்ல இன்னா அது?”

“ஒண்ணும் இல்ல அத்தை. ஒரு குட்டி விளையாடிச்சு. நான் கரெக்டா உக்காந்து கையதான் காமிச்சேன். லேசா பல்லு பட்டுச்சு, ஜஸ்ட் எ நிப்.”

ஆள்காட்டி விரலில் கடுகளவு ரத்தம் காய்ந்திருந்தது. நான் எழுந்து அப்படியே நின்றேன். செல்வி பாத்திரத்தைத் தரையில் போட்டுவிட்டு, தாரணியைத் தரதரவென்று குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். துணி சோப்பைப் போட்டு, ஓடும் தண்ணீரில் அந்த விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தாரணி வலிக்குது என்று கத்தினாள்.

“அண்ணி, டைம் பாருங்க. பதினஞ்சி நிமிஷம் ஆவட்டும். பெரிய நாயிங்களுக்கு ஊசி போட்டுட்டாங்க, நானே கூட நின்னு புடிச்சிக் குடுத்தேன். இந்தக் குட்டிங்களுக்கு இன்னும் போடல.” அதன் பிறகு தலையைத் திருப்பாமல், “நின்னுனே இருந்தா எப்படி? பாஸ்போர்ட்டு பணம் எல்லாம் எடுங்க. ஆட்டோ கூப்புடுங்க” என்றாள்.

அரசு ஆஸ்பத்திரியில் தோளில் தடுப்பூசி போட்டார்கள். கடித்த இடத்தைச் சுற்றி, விரலுக்குள்ளேயே இன்னொரு மருந்தும் ஏற்ற வேண்டும். விரலில் சதை எவ்வளவு இருக்கிறது? நானும் செல்வியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். தாரணி போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்த குழந்தைகள் அழத் தொடங்கினார்கள். முடிந்ததும் நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து விம்மிக்கொண்டே, “சின்னக் குட்டிம்மா அது. எதுக்கு இவ்ளோ?” என்று என்னைக் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி சொன்னாள். “ஒங்க மாமா இப்படித்தான் பாப்பா போனாரு.”

தாரணி என்னைப் பார்த்தாள். “நீ காய்ச்சல்னு சொன்னே.”

ஆமாம் என்றேன். அவள் என்னை விட்டு நகர்ந்து செல்வியின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் செல்வி மடியிலேயே தூங்கியும்விட்டாள். ஊசி போட்ட பிறகு அரைமணி உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். அந்த அரைமணியில்தான், ஆறு வருடமாகச் சொல்லாததைச் செல்வியிடம் சொன்னேன்.

“செல்வி, அன்னைக்கி நாய இஸ்துப் போடச் சொன்னது நாந்தான்.”

“தெரியும் அண்ணி” என்றாள். “அவரே சொன்னாரு. அக்கா திட்டுச்சி, அதான் கைய வுட்டேன்னு சிரிச்சாரு.” தாரணியின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். “ரெண்டாவது ஊசிக்கு அவரு கெளம்பனாரு அண்ணி. நாந்தான், சவாரிய வுட்டுட்டுப் போவாத, சாய்ங்காலமா போய்க்கலாம்னேன். சாய்ங்காலம் அவரும் மறந்துட்டாரு, நானும் மறந்துட்டேன். அப்பறம் நீங்க கேக்கும்போதெல்லாம் போட்டாச்சினு சொல்லச் சொன்னதும் நாந்தான். திட்டுவீங்கனு பயம்.”

நாங்கள் ஒருவரை ஒருவர் தேற்றவில்லை. அரைமணி முடிந்து நர்ஸ் வந்து அடுத்த தேதியைச் சொன்னபோது, இருவரும் ஒரே சமயத்தில் போனை எடுத்துக் குறித்துக்கொண்டோம்.

மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் அங்கேயே போட்டோம். இரண்டு முறையும் செல்வி வேலைக்குச் சொல்லிவிட்டுக் கூட வந்தாள். நான்காவது ஊசிக்கு முன் விடுமுறை தீர்ந்துவிட்டது. அந்தக் குட்டியைத் தினமும் இரண்டு வேளை பார்த்துவிட்டு, உயிரோடு இருக்கிறது என்று படத்தோடு அனுப்பினாள். கடித்த நாய் பத்து நாள் உயிரோடு இருந்தால் அதற்கு அந்த நோய் இல்லை என்று பொருள், ஆனால் பத்து நாள் தாண்டிய பிறகும் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். பயம் குறைந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். காலையில் தாரணி தண்ணீர்க் குவளையை வாய்க்குக் கொண்டுபோகும்போது, அது தொண்டையில் இறங்கும்வரை நான் மூச்சு விடுவதில்லை. அவளுக்கு அது தெரியும். ஒருநாள், “பார்த்துக்கோ” என்று சொல்லிவிட்டு முழுக் குவளையையும் ஒரே மூச்சில் குடித்து, காலிக் குவளையை என் முன்னால் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள். என்னிடம் அவள் இன்னும் சரியாகப் பேச ஆரம்பிக்கவில்லை.

இருபத்தெட்டாம் நாள் இங்குள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். ஊசி போட வந்த ஆங்கிலேய நர்ஸ் இளவயதுக்காரி. திருவண்ணாமலை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதல் மூன்றும் எங்கே போட்டீர்கள் என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் தாரணி முந்திக்கொண்டாள்.

“அட் ஹோம்.”

நர்ஸ் அதை எழுதிவிட்டு அதிர்ந்துபோனாள். வீட்டில் வைத்தா போட்டீர்கள், யார் போட்டது என்று என்னைக் கேட்டாள். இந்த ஊரில் பிறந்தவள் என் மகள். அந்த ஊரைத் தன் வீடு என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. இல்லை, இந்தியாவில், ஓர் அரசு மருத்துவமனையில் என்று திருத்தினேன். நர்ஸ் நிம்மதியாகி, வீடு என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு மேலே இந்தியா என்று எழுதினாள். தாரணி சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஊசி இறங்கி முடியும்வரை அந்த அடித்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.