ஊர் ஊராக ஏற்றிய பெயர்கள்

பிள்ளைகளா, பெரியவள் பள்ளி ஆண்டு விழாவில் ஆடிய அன்று நான் ஏன் தாமதமாக வந்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

திண்டிவனத்தில் ஒரு பால் கம்பெனியில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. பால் ஊற்றும் எல்லா ஊர்க்காரர்களின் விவரத்தையும் பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்கு மாற்றும் நாள் அது.

"ஊர் ஊரா ஏத்தறேங்க" என்றேன்.

"ஒரேயடியா ஏத்துப்பா, ஜல்தியா முடியும்" என்றார் முதலாளி.

ஏற்றினேன். முடியப் போகிற நேரத்தில், யாரோ ஒருவரின் போன் நம்பர் இல்லையென்று நின்று, அதுவரை ஏறியது மொத்தமும் போய்விட்டது. அதைச் சரிசெய்து மறுபடி போட்டால் இன்னொருவரிடம் நின்றது. திரும்பவும் முதலிலிருந்து.

"இன்னுமா பண்ணிக்கினு இருக்கே?" என்றார். எனக்குப் பேஜாராகிவிட்டது.

அவர் டீ குடிக்கப் போனதும் ஊர் ஊராகப் பிரித்துப் போட்டேன். கூட்டேரிப்பட்டு மட்டும் நின்றது. மற்ற ஊரெல்லாம் பத்திரமாக ஏறிவிட்டது. நின்றதை நாளைக்குப் பார்க்கலாம் என்று விழுப்புரம் பஸ்ஸைப் பிடித்து ஓடிவந்தேன். பாதி ஆட்டம்தான் பார்க்கக் கிடைத்தது.

மறுநாள் முதலாளி கேட்கிறார்: "இத மொதல்லியே இப்பிடிப் பண்ணியிருக்கலாம் இல்ல?"

அவருக்கு என்ன பதில் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.